ஃபெரிட்டின் 14, பி12 190: முழுத் தாவர உணவில் எதைச் சாப்பாட்டிலேயே சரிசெய்யலாம், எதற்கு மாத்திரை தேவை?

தளிர் கேட்டது:

வணக்கம். முழுக்கத் தாவர உணவு. பால், முட்டை எதுவும் இல்லை. பெண், வயது 34, கர்ப்பம் இல்லை. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 12.4, ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) 14, பி12 190 (பிகோகிராம்/மி.லி.) என்று வந்திருக்கிறது. தைராய்டு குறைபாட்டுக்குத் தினமும் காலையில் லெவோதைராக்சின் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரியாக இருக்கின்றன.

டாக்டர் ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி., பி12 1000 மைக்ரோகிராம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எதை எந்த நேரத்தில், எதனோடு சேர்க்காமல் எடுப்பது என்பதெல்லாம் சீட்டில் இல்லை. இவை தவிர வீட்டில் ஏற்கெனவே இருப்பவை: ஸ்பைருலினா பொடி, மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் கேப்சூல், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், அஸ்வகந்தா, முடிக்காக பயோட்டின் 10 மி.கி., கெல்ப் எனப்படும் கடற்பாசி மாத்திரை, கால்சியம் கார்பனேட்.

கேட்க விரும்புவது மூன்று. பருப்பு, கீரை, விதைகளிலிருந்து இரும்பை முடிந்த அளவு எடுக்கச் சமையலில் என்ன செய்ய வேண்டும்? மாத்திரைகளை ஒரு நாளில் எப்படிப் பிரித்துப் போடுவது? மேலே உள்ள பட்டியலில் எதை நிறுத்தலாம்?

அளவுக்கரண்டி பதில்:

முதலில் ரிப்போர்ட்டைப் படிப்போம். ஹீமோகுளோபின் 12.4 என்பதால் ரத்தசோகை என்று சொல்ல முடியாது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 12. ஆனால் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றே பொருள். அதாவது உடல் சேமிப்பை எடுத்துச் செலவழித்து ஹீமோகுளோபினைத் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் உணவை மட்டும் மாற்றி மேலே ஏறுவது மிக மெதுவாக நடக்கும். மாத்திரை தேவைதான். கையிருப்பு நிரம்பிய பிறகு அதைக் கீழே இறங்காமல் காப்பது உணவின் வேலை.

325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் என்றால் 325 மி.கி. இரும்பு கிடைக்கிறது என்று எண்ண வேண்டாம். அது உப்பின் எடை. உள்ளே இருக்கும் இரும்பு சுமார் 65 மி.கி. இதே கணக்கு ஃபெரஸ் ஃப்யூமரேட்டில் எடையில் 33 சதவீதம், ஃபெரஸ் குளுகோனேட்டில் 12 சதவீதம். பிராண்டு மாற்றும்போது இதைப் பார்க்காமல் "அதே 300 மி.கி.தானே" என்று வாங்கினால் டோஸ் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடக்கூடும்.

அடுத்து, தினமும் எடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாளா. 60 மி.கி. அளவில் இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது குடலில் இரும்பு நுழையும் வழியைச் சுமார் 24 மணி நேரத்துக்கு அடைத்து வைக்கும். மறுநாள் போடும் மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கி, வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் தரும். 2017-ல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த ஆய்வில், உங்களைப் போலக் கையிருப்பு குறைந்த, ஆனால் ரத்தசோகை இல்லாத பெண்களுக்கு 60 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் எடுத்தவர்கள் டோஸில் சுமார் 16 சதவீதத்தையும், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்கள் சுமார் 22 சதவீதத்தையும் உறிஞ்சினார்கள். இதை உங்கள் டாக்டரிடம் சொல்லி, ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டாகப் பிரித்துப் போடுவதில் லாபம் இல்லை.

நேரம் இப்படி வைத்துக்கொள்ளலாம். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. 7 மணிக்கு மேல் காபியும் சிற்றுண்டியும். 11 மணிக்கு, வயிறு ஓரளவு காலியான பிறகு இரும்பு. லெவோதைராக்சினுக்கும் இரும்புக்கும் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் குடலில் ஒட்டிக்கொண்டு தைராய்டு மருந்து உள்ளே போகாது. தைராய்டு மருந்து போதவில்லை என்று காட்டும் டி.எஸ்.ஹெச். அளவு ஏறும், காரணம் புரியாமல் டோஸைக் கூட்டுவார்கள். இதே 4 மணி நேரம் கால்சியத்துக்கும் பொருந்தும், ஆகவே கால்சியம் கார்பனேட்டை இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். அதற்கு வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் உணவோடுதான் போட வேண்டும். ஒரு வேளைக்கு 500 மி.கி. கால்சியத்துக்கு மேல் போட்டால் கூடுதலாகப் போவதில் பெரும்பாலும் வீண்.

இரும்போடு வைட்டமின் சி மாத்திரை தனியாக வாங்க வேண்டாம். 2020-ல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வந்த சோதனையில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உணவில் இருக்கும் இரும்புக்கு வைட்டமின் சி கைகொடுப்பது வேறு விஷயம், அதை இங்கே சமையல் பற்றி எழுதும் ஊறல் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பி12: 190 என்பது குறைவுதான். 200-க்குக் கீழே குறைபாடாகவே எடுத்துக்கொள்வார்கள். நம்பகமான பி12 எந்தச் செடியிலும் இல்லை. அதை உண்டாக்குவது நுண்ணுயிரிகள். கல்லீரல் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வருவதால் குறை தாமதமாகவே வெளியே தெரியும். 1000 மைக்ரோகிராம் அதிகம் என்று பயப்பட வேண்டாம். ஒரு வேளைக்கு இயல்பான வழியில் உள்ளே போவது 1.5 முதல் 2 மைக்ரோகிராம் வரைதான். அதற்கு மேல் இருப்பதில் சுமார் 1 சதவீதம் தானாகக் கடந்து போகும். ஆக 1000-ல் உடலுக்குக் கிடைப்பது 10, 12 மைக்ரோகிராம். அளவு சரியான பிறகு தினமும் 50 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 என்று வாழ்நாள் முழுவதும் தொடரலாம். சயனோகோபாலமின் என்ற சாதாரண பி12 வடிவமே போதும்; விலை கூடிய மெத்தில் வடிவம் கட்டாயமில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கால், கை விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் மாத்திரையோடு காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள், ஊசி தேவைப்படலாம். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிக டோஸில் எடுப்பதும் ஆபத்து. ரத்த எண்ணிக்கை சரியானது போலக் காட்டும்; உள்ளே நரம்புச் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும்.

ஊறல் பதில்:

சமையல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். தாவர இரும்புக்குப் பெரிய தடை இரண்டு: பருப்பு, முழுத்தானியம், விதைகளில் இருக்கும் ஃபைட்டேட், காபி, டீயில் இருக்கும் பாலிஃபீனால். இரண்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாத பொருட்கள்.

ஃபைட்டேட்டை உடைப்பது தானியத்திலேயே இருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி. அது வேலை செய்ய ஈரம், வெதுவெதுப்பு, லேசான புளிப்பு மூன்றும் வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து ஊறவைத்தால் குளிரில் நொதி கிட்டத்தட்டத் தூங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில், அறை வெப்பத்தில் 10, 12 மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். கொட்டும் தண்ணீரோடு ஃபோலேட்டும் கொஞ்சம் போகும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். வயிற்று உப்புசம் தரும் சர்க்கரைகளும் சேர்ந்தே போகின்றன. முளைகட்டினால் இன்னும் நல்லது. மாவைப் புளிக்கவைப்பது இவற்றையெல்லாம்விடப் பலன் தரும், ஏனென்றால் புளிப்பு ஏறும்போதுதான் ஃபைட்டேஸ் முழு வேகத்தில் ஓடுகிறது. உடைத்த, தோல் நீக்கிய பருப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஓரிரு மணி நேரம் போதும்.

ஒரு எச்சரிக்கை: ராஜ்மாவை ஊறவைத்தபின் கொதிக்கும் தண்ணீரில், அதாவது முழு 100 டிகிரியில், குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் வேகவிடுங்கள். அதிலிருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அப்போதுதான் அழியும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் 80 டிகிரி வரை மட்டும் போனால் நச்சு குறையாது, பச்சைக் கொட்டையைவிடக் கூடும். அரைவேக்காட்டுக் கொட்டை நான்கைந்து தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஊறவைத்த தண்ணீரையும் சமையலில் சேர்க்காதீர்கள்.

வைட்டமின் சி-யை அதே வேளைச் சாப்பாட்டில் சேர்ப்பதுதான் பலன் தரும். காலையில் பழம், மதியம் பருப்பு என்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி உண்டு, சிவப்புக் குடைமிளகாயில் 120-க்கு மேல், எலுமிச்சைச் சாற்றில் 40 முதல் 50 வரை. எலுமிச்சையை அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியபின் பிழியுங்கள். கொதிக்கும்போதே பிழிந்தால் புளிப்பு இருக்கும், வைட்டமினில் கணிசமான பகுதி போய்விடும். ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துச் செய்த ஆய்வுகளில் இரும்பு உறிஞ்சுவது பல மடங்கு கூடுகிறது. முழு உணவையும் நீண்ட நாள் பார்க்கும்போது பலன் அதைவிடச் சிறியது. அதனால் இதைத் தினசரிப் பழக்கமாக வையுங்கள், மருந்தாக நம்ப வேண்டாம்.

காபி விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 1983-ல் வந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தால் இரும்பு உறிஞ்சுவது 39 சதவீதம் குறைந்தது. டீ என்றால் 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எதையும் குறைக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, கூடவே குடித்த அளவுக்கே குறைத்தது. ஆகவே காபியை முன்னால் தள்ளுங்கள், பின்னால் என்றால் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

கீரையை இரும்புக்கும் கால்சியத்துக்கும் ஒரே மூலமாக எண்ணாதீர்கள். பாலக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தும் ஆக்ஸலேட் கட்டிப்போடுவதால் நமக்குக் கிடைப்பது சுமார் 5 சதவீதம்தான். ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் குடும்பக் காய்களில் 40-க்கு மேல் கிடைக்கும். டோஃபு வாங்கும்போது சேர்மானத்தில் கால்சியம் சல்ஃபேட் என்று இருக்கிறதா பாருங்கள். மெக்னீசியம் குளோரைடு மட்டும் இட்டு உறையவைத்ததில் கால்சியம் குறைவு. கால்சியம் சேர்த்த சோயா பாலைக் குலுக்காமல் ஊற்றினால் கால்சியம் டப்பாவின் அடியிலேயே படிந்து கிடக்கும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள்.

ஆளி விதையை முழுதாகத் தின்றால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். பொடித்தது ஒரு மேசைக்கரண்டி, சுமார் 7 கிராம், 1.6 கிராம் ஒமேகா-3 தரும். பெண்களுக்கு நாள் தேவை 1.1 கிராம். பொடித்ததும் காற்றுப்பட்டுக் காறல் வாடை வரும் என்பதால் ஒரு வாரத்துக்கு மட்டும் பொடித்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சிறுகுறிப்பு பதில்:

பட்டியலில் உள்ளவற்றுக்கு வருகிறேன். உங்களுக்குத் தைராய்டு இருப்பதால் முதலில் நிறுத்த வேண்டியது கெல்ப். பெரியவர்களுக்கு ஒருநாள் அயோடின் தேவை 150 மைக்ரோகிராம். கடற்பாசியில் அது வகைக்கு வகை, பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், சில நேரம் ஆயிரக்கணக்கில் போகும். அயோடின் குறைந்தாலும் தைராய்டு கெடும், கூடினாலும் கெடும். அயோடின் உப்பு பயன்படுத்துகிறீர்கள் என்றால் பெரும்பாலும் அதுவே போதும்.

அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை உயர்த்தக்கூடியது. கல்லீரல் பாதிப்பும் சிலருக்குப் பதிவாகியிருக்கிறது. லெவோதைராக்சின் எடுப்பவர் டாக்டருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது.

கிரீன் டீயைக் கோப்பையில் குடிப்பதும் அதன் சாரத்தைக் கேப்சூலில் விழுங்குவதும் ஒன்றல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது: சப்ளிமென்ட் வழியாக ஒருநாளைக்கு 800 மி.கி. இஜிசிஜி (கிரீன் டீயின் முக்கியச் சேர்மம்) அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் உயரும். வெறும் வயிற்றில் எடுத்தால் இன்னும் மோசம். அதோடு இரும்பையும் தடுக்கும். ஃபெரிட்டின் 14-ஐ வைத்துக்கொண்டு இதை எடுப்பதில் அர்த்தமே இல்லை.

குர்குமினிலும் இதே கதை. மஞ்சள்பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அதிலும் உடலுக்குள் போவது சொற்பம். மிளகின் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுவது 20 மடங்காகிறது என்று 1998-ல் வந்த சிறு ஆய்வை வைத்துத்தான் அந்தக் கேப்சூல்களை விற்கிறார்கள். எவ்வளவு நன்றாக உள்ளே போகிறதோ அவ்வளவுக்குக் கல்லீரலும் கையாள வேண்டும். இத்தகைய கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் உண்டு. பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். சமையலில் போடும் மஞ்சளைத் தாராளமாகத் தொடருங்கள்.

ஸ்பைருலினாவைப் புரதப் பொடியாகப் பார்த்தால் பரவாயில்லை. பி12-க்கு அதை நம்பாதீர்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலால் பயன்படுத்த முடியாத போலி வடிவம். சில டப்பாக்களில் பெரிய எண்ணாகப் பி12 அச்சிட்டிருப்பதற்குக் காரணம், பழைய அளவீட்டு முறை இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்து எண்ணுவதுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது: சாதாரணக் கேப்சூல் கூடு ஜெலட்டினால் ஆனது, விலங்குப் பொருள். எச்பிஎம்சி அல்லது செல்லுலோஸ் கூடு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வைட்டமின் டி3-ம் வழக்கமாக ஆட்டுக் கம்பளி மெழுகிலிருந்து வருவது. பாறைப்பாசியிலிருந்து எடுத்த டி3-ம் கிடைக்கிறது.

தளிர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கெல்ப், கிரீன் டீ, குர்குமின், அஸ்வகந்தா நான்கையும் நிறுத்திவிடுகிறேன். இரண்டு சந்தேகம். பயோட்டின் பற்றி யாரும் சொல்லவில்லையே? இரும்பு எடுத்தால் மலச்சிக்கல் வரும் என்பதால் இசப்கோல் சேர்க்கலாமா?

அளவுக்கரண்டி பதில்:

இசப்கோல் சேர்க்கலாம். ஒரு தேக்கரண்டியில், 3 முதல் 4 கிராமில், தொடங்குங்கள். சில நாள் பழகியபின் கூட்டலாம். ஒவ்வொரு வேளைக்கும் 240 மி.லி. தண்ணீர் கட்டாயம், கலக்கியதும் உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும், மலச்சிக்கல் குறைவதற்குப் பதிலாக இறுகும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். மருந்துகளையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் மாலை 5 மணிபோல எடுங்கள். தைராய்டு மாத்திரையிலிருந்து 4 மணி நேரமும், மற்றவற்றிலிருந்து 2 மணி நேரமும் தள்ளியிருக்கட்டும்.

மலம் கறுப்பாகப் போனால் பதற வேண்டாம், இரும்பின் நிறம்தான். தார் போல ஒட்டும்படி, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் சிறிது பழத்தோடு எடுங்கள். கொஞ்சம் குறைவாக உறிஞ்சினாலும் மாத்திரையை நிறுத்துவதைவிட மேல். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் பாட்டிலைக் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். வண்ணப் பூச்சுள்ள இரும்பு மாத்திரை பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி இருக்கும். சில மாத்திரைகளே குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டின் பாருங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது பார்க்காதீர்கள். அழற்சியில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். சந்தேகம் இருந்தால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காக எடுத்தும் ஏறவில்லை என்றால் மாதவிடாய்ப் போக்கு அதிகமா, செலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது) இருக்கிறதா, குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். டோஸை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

சிறுகுறிப்பு பதில்:

பயோட்டினை விட்டது என் பிழை இல்லை, தனியாகச் சொல்ல வேண்டியது என்பதால் வைத்திருந்தேன். ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம். உங்கள் மாத்திரையில் இருப்பது 10,000. குறைபாடு இல்லாதவர்களுக்கு இதனால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. முடி கொட்டுவதற்கு உங்கள் ஃபெரிட்டினும் தைராய்டும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியவை.

பெரிய சிக்கல் பரிசோதனைக் கூடத்தில். பல தைராய்டு பரிசோதனைகள் பயோட்டினையே ஒரு பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் கூடுதல் பயோட்டின் மிதந்தால் அந்தப் பசை ஒட்டாமல் போய், டி.எஸ்.ஹெச். குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் அச்சாகும். பார்ப்பவருக்குத் தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது போலத் தோன்றும், டோஸைக் குறைத்துவிடுவார். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இப்படிப் பொய்யாகக் குறைந்து காட்டலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்திருக்கிறது.

ஏற்கெனவே எடுத்த தைராய்டு ரிப்போர்ட் பயோட்டின் சாப்பிட்ட நாட்களில் எடுத்தது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்தி இரண்டு நாளாவது ஆனபிறகு டி.எஸ்.ஹெச்., டி4 இரண்டையும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கும் அன்று லெவோதைராக்சினை ரத்தம் எடுத்தபின் போடுவதே வசதி, அன்று இரும்பையும் அதற்கேற்ப 4 மணி நேரம் தள்ளிவிடுங்கள்.